நெல்லின் ஜாதகமும் துப்புத் துலக்கும் இயந்திரமும்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



சம்பாவுக்கு விதை எடுக்க வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வருகிறவர்கள் மூட்டையில் தைத்திருக்கும் அட்டையைப் பார்த்துவிட்டு அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "ஐயா, சி.ஆர்.1009 எங்களுக்குத் தெரிஞ்ச நெல்லு. பொன்மணின்னு எங்க அப்பா காலத்துலேருந்து போடுறோம். இதென்னங்க, அதுக்குப் பின்னால சப்-1 அப்படின்னு ஒரு வாலு?" நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்பவர், "அது கம்ப்யூட்டர்ல செஞ்ச நெல்லுப்பா" என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பதிலில் ஒரு வீசம் உண்மை இருக்கிறது. மிச்சம் அத்தனையும் தவறு. எது உண்மை, எது தவறு என்பதை இன்றைக்குக் கொஞ்சம் விவரமாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டு நமக்கென்ன ஆகப்போகிறது என்று நினைக்க வேண்டாம். மன்னார்குடி வட்டாரத்தில் பள்ளக்கால் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். மேலே மழை கொட்டுகிறது, பாமணியாறும் கோரையாறும் நிரம்பிப் போகின்றன, வடிகால் எதிர்த்துக்கொண்டு நிற்கிறது. நட்டு இருபது நாள், இருபத்தைந்து நாள் ஆன பயிர் தலை தெரியாமல் முழுகிக் கிடக்கிறது. பத்து நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தால் அழுகல் வாடைதான் மிச்சம். மறுநடவுக்கு நாற்றும் கிடைக்காது, பருவமும் தாண்டிப் போய்விடும். கடன் மட்டும் முழுகாமல் மேலேயே மிதக்கும். அந்தப் பத்து நாளைத் தாங்கும் குணம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்த கதைதான் இந்த சப்-1.

முதலில் நெல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். நெற்பயிரின் ஒவ்வொரு உயிரணுவிலும் 12 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. நம் வசதிக்கு 12 ஆறுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆறுகள் நெடுக எழுதி வைத்தாற்போல டி.என்.ஏ. என்ற பொருளால் ஆன எழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. தமிழுக்கு 247 எழுத்து. டி.என்.ஏ.வுக்கு நாலே எழுத்துதான். ஆனால் அந்த நாலு எழுத்தும் மாறி மாறி வந்து ஏறக்குறைய 39 கோடி எழுத்து நீளத்துக்குப் போகிறது. இடையிடையே ஒரு பொருளைக் குறிக்கும் வாக்கியம் போல வரும் பகுதியைத்தான் ஜீன், அதாவது மரபணு என்கிறோம். குட்டையா நெட்டையா, சன்னமா மோட்டாவா, 110 நாளா 160 நாளா என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது.

இந்த ஜாதகத்தை ஜப்பான் முன்னின்று நடத்த, பத்து நாடுகள் சேர்ந்து படித்து 2005-இல் முடித்தன. ஆளுக்கு ஒரு பங்கு என்று ஆற்றைப் பிரித்துக்கொண்டார்கள். நம் நாட்டுக்கு 11-ஆவது குரோமோசோம் வந்தது. டில்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகமும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அதைச் செய்தார்கள். 37 ஆயிரத்துக்கு மேல் மரபணு இருக்கலாம் என்று அப்போது மதிப்பிட்டார்கள்.

படித்துவிட்டால் போதுமா? தஞ்சை சரசுவதி மகாலில் மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் இருக்கின்றன. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாலும், எந்த நிலத்தைச் சொல்கிறது, யார் யாருக்குக் கொடுத்தது என்று துலக்குவது தனி வேலை. நெல்லிலும் அப்படித்தான். 37 ஆயிரத்தில் எந்த மரபணு வெள்ளத்தைத் தாங்க வைக்கிறது? இங்கேதான் துப்புத் துலக்கும் வேலை வருகிறது.

ஒரிசாவில் விவசாயிகள் காலங்காலமாக வைத்திருந்த பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் எஃப்.ஆர்.13ஏ. கண்டுமுதல் குறைவு, ஆள் உயரம் வளர்ந்து சாயும், சாப்பாட்டுக்கும் நம் ஊருக்குப் பிடித்த அரிசி இல்லை. ஆனால் இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்த பிறகு துளிர்க்கும். இதை முழுகினால் செத்துப்போகும் இன்னொரு நெல்லோடு ஒட்டுச் சேர்த்துப் பேரன் பேத்தித் தலைமுறையைப் பார்த்தால், சில பயிர் தாங்கும், சில பயிர் சாகும். ஒவ்வொரு பயிரும் அப்பன் வழியில் சில துண்டு, அம்மா வழியில் சில துண்டு என்று கலந்து வாங்கியிருக்கும்.

இப்போது மடை தேடுவது போல ஒரு வேலை. நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது உங்களுக்குத் தெரியும். கடைமடையில் ஒரு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வயலுக்கு வருகிறது என்றால் என்ன செய்கிறோம்? தலைப்பிலிருந்து ஒவ்வொரு மதகாகப் பார்த்துக்கொண்டே வருவோம். தண்ணீர் வந்த வயலுக்கெல்லாம் பொதுவான மதகு எது, வராத வயலுக்கெல்லாம் அடைபட்ட மதகு எது என்று கழித்துக்கொண்டே வந்தால் கோளாறு இருக்கும் இடம் தெரிந்துவிடும். விஞ்ஞானிகளும் குரோமோசோம் நெடுக மதகு எண் போல அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். பிழைத்த பயிர்களில் எல்லாம் எஃப்.ஆர்.13ஏ துண்டு எந்த அடையாளத்தில் இருக்கிறது, செத்த பயிர்களில் எங்கே இல்லை என்று ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள். 1996-இல் கலிபோர்னியாவில் இரண்டு விஞ்ஞானிகள் விடையைச் சொன்னார்கள்: ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே ஓர் இடம். பிழைப்பதற்கும் சாவதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய 70 சதம் அந்த ஓர் இடத்தாலேயே வருகிறது. அந்த இடத்துக்குத்தான் சப்-1 என்று பெயர் வைத்தார்கள்.

பத்துப் பதினைந்து வயலென்றால் நம் மதகுக் கணக்கை மனக்கணக்காகப் போட்டுவிடலாம். நூற்றுக்கணக்கான பயிர், நூற்றுக்கணக்கான அடையாளம் என்றால் தலை சுற்றும். அதற்கென்றே 1987-இல் அமெரிக்காவில் மேப்மேக்கர் என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்கு முறை வந்தது. அது சும்மா கூட்டிக் கழிப்பது இல்லை. 'இந்த அடையாளம் அதற்குப் பக்கத்தில் இருக்குமானால் இத்தனை பயிரில் இப்படி வந்திருக்க வேண்டும், வரவில்லை, ஆகவே பக்கத்தில் இல்லை' என்று நியாயம் பேசி, எந்த வரிசை மிகப் பொருத்தமோ அதைச் சொல்லும். ஊர்ப் பஞ்சாயத்தில் சாட்சிகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுப் பெரியவர்கள் முடிவுக்கு வருகிற மாதிரி.

இதற்கு மேலும் ஒரு படி போய்விட்டார்கள். இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸ் நாட்டில் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ராஸ் கிங் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் ஆதாம் என்று ஓர் இயந்திரம் செய்தார்கள். ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைப் பற்றி அதுவரை தெரிந்த சங்கதிகளை எல்லாம் அதற்கு ஊட்டிவிட்டார்கள். உடம்புக்குள் இந்த வேலை நடக்கிறது, ஆனால் எந்த மரபணு செய்கிறது என்று தெரியவில்லை என்கிற ஓட்டைகளை இயந்திரமே தேடியது. 'இந்த மரபணுவாக இருக்கலாம். அப்படியானால் அது இல்லாத ஈஸ்ட் இந்தத் தீனியில் இப்படித்தான் வளர வேண்டும்' என்று தானே யூகம் செய்து, இயந்திரக் கையால் தானே வளர்த்து, அளந்து, யூகம் சரியா தப்பா என்று முடிவு செய்தது. 12 மரபணு யூகங்கள் உறுதியானதாக 2009-இல் வெளியிட்டார்கள். மனிதர்கள் பிற்பாடு சிலவற்றைத் தனியாகச் சோதித்துப் பார்க்கவும் செய்தார்கள்.

கேட்பதற்குப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈஸ்ட் ஒரே ராத்திரியில் வளர்ந்து பதில் சொல்லிவிடும். நெல் பதில் சொல்ல ஐந்து மாதம் வேண்டும். இயந்திரம் எத்தனை வேகமாக யோசித்தாலும் நெல்லை அவசரப்படுத்த முடியாது.

இயந்திரம் ஏமாறவும் ஏமாறும். எப்படி என்று சொல்கிறேன். நம்மிடம் வெள்ளம் தாங்கும் பழைய ரகம் பத்து இருக்கிறது, அதில் எட்டு சிவப்பரிசி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முழுகினால் சாகும் ரகம் எல்லாம் வெள்ளையரிசி. இந்த விவரத்தை மட்டும் இயந்திரத்திடம் கொடுத்தால், சிவப்பு நிறத்துக்கான மரபணுதான் வெள்ளத்தைத் தாங்குகிறது என்று அது கூசாமல் சொல்லிவிடும்! அந்த எட்டு ரகமும் ஒரே தாய்வழி வந்தவையாக இருக்கலாம், நிறமும் குணமும் சேர்ந்தே வந்திருக்கலாம் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. கூட வருகிறவன் எல்லாம் கூட்டாளி என்று முடிவு கட்டுவது போலத்தான். 2018-இல் 3,010 நெல் வகைகளின் ஜாதகத்தை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அதில் எழுத்து மாறும் இடங்கள் மட்டும் 2 கோடியே 90 லட்சம். இரண்டையும் பெருக்கினால் 8,700 கோடிக்கு மேல் வருகிறது. இவ்வளவு பெரிய குவியலில் தற்செயலாகச் சேர்ந்து வருகிற சங்கதிகள் ஏராளமாக இருக்கும். ஆகவே ரகங்களின் உறவுமுறையை முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு பிறகுதான் நியாயம் பேச வேண்டும் என்று இப்போது இயந்திரத்துக்கே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகும் அது சொல்வது யூகம்தான்.

சப்-1 விஷயத்தில் யூகத்தோடு நிற்கவில்லை. 2006-இல் அந்த ஒன்பதாவது குரோமோசோம் இடத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தபோது, அங்கே ஒன்றல்ல, அண்ணன் தம்பி போல மூன்று மரபணுக்கள் இருப்பது தெரிந்தது. அதில் ஏ என்ற ஒன்றை மட்டும் எடுத்து, வெள்ளத்தில் சாகிற ஒரு நெல்லுக்குள் ஆராய்ச்சிக் கூடத்தில் செலுத்திப் பார்த்தார்கள். அது தண்ணீரில் தாக்குப்பிடித்தது. அதன் பிறகுதான் 'இதுதான்' என்றார்கள். இந்தச் செலுத்துதல் சோதனைக்காக மட்டும் செய்தது. நம் விதைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த மரபணு என்னதான் செய்கிறது? வாழைத்தாரைப் பழுக்க வைக்கும் எத்திலீன் என்ற வாயு எல்லாப் பயிரிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டாகும். வெளியில் இருந்தால் காற்றோடு போய்விடும். முழுகிய பயிரில் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். சாதாரண நெல்லுக்கு அது ஓர் அபாய மணி. 'தண்ணீருக்கு மேலே தலையை நீட்டு' என்று பயிர் விறுவிறுவென்று நீளுகிறது. சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தையெல்லாம் அதிலேயே செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு நிற்கத் தெம்பு இல்லாமல் நூல் மாதிரி சாய்ந்து சாகும். சப்-1 உள்ள பயிரோ, அதே மணி அடித்ததும் நீளுவதை நிறுத்திவிட்டு, கையிருப்பைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும். வறட்சிக் காலத்தில் பத்தாயத்தைப் பூட்டிவிட்டு அரை வயிற்றுக் கஞ்சியோடு இருக்கிற குடும்பம் மாதிரி.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வகை உண்டு. ஆழத் தண்ணீரில் வரும் நெல். தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறும். நம் பக்கத்தில் காட்டுயானம் போட்டவர்களுக்கு, தண்ணீரோடு போட்டி போட்டு உயரும் நெல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஜப்பானில் நகோயாப் பல்கலைக்கழகத்தார் இப்படி நீளச் செய்யும் மரபணுக்களை ஆழ்நீர் நெல் ஒன்றில் 12-ஆவது குரோமோசோமில் 2009-இல் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதுவும் சப்-1-ம் ஒரே குலத்து மரபணுக்கள். இரண்டுக்கும் மணி அடிப்பது அதே எத்திலீன்தான். ஒன்று 'ஓடு' என்கிறது, மற்றது 'அடங்கு' என்கிறது.

நாம் இரண்டையும் 'வெள்ளம் தாங்கும் நெல்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். இயந்திரத்துக்கும் அப்படியே சொன்னால் என்ன ஆகும்? ஓடுகிறவனையும் அடங்குகிறவனையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழம்பிப்போகும். இயந்திரத்துக்கு ஊகித்துக்கொள்ளத் தெரியாது, சொல்லைத்தான் தெரியும். ஒருவர் 'பயிர் சாய்ந்தது' என்று எழுதுவார், இன்னொருவர் 'படுத்தது' என்பார். நமக்கு இரண்டும் ஒன்று; அதற்கு இரண்டும் வேறு. இந்தத் தொல்லைக்காகவே 1998-லிருந்து மரபணு வேலைக்கென்று பொதுவான சொல்லகராதி கட்ட ஆரம்பித்தார்கள். பழ ஈ, ஈஸ்ட், எலி ஆகியவற்றை ஆராய்கிறவர்கள் தொடங்கிய வேலை அது. எந்தச் சொல் எதற்குள் அடங்கும், எது எதனுடைய பங்கு என்று வம்சாவளி மாதிரி எழுதி வைத்தார்கள். அது இருப்பதால்தான் எலியில் கண்டதை வைத்து ஈஸ்ட்டில் என்ன இருக்கலாம் என்று இயந்திரம் யோசிக்க முடிகிறது. பிறகு பயிர்களின் குணங்களுக்கும் அப்படியே அகராதிகள் வந்தன. என்னைக் கேட்டால், வேகமாகக் கணக்குப் போடும் இயந்திரத்தைவிட இந்த அகராதி பெரிய காரியம் என்பேன். அதைப் பற்றி யாரும் பேசுவது இல்லை.

சரி, மரபணு கிடைத்தது. அது நம் பொன்மணிக்குள் எப்படி வந்தது? ஒட்டுச் சேர்த்துத்தான் வந்தது. மகரந்தத்தைக் கொண்டு மகரந்தம் சேர்க்கும் பழைய முறைதான். முதல் ஒட்டில் பாதி பொன்மணி, பாதி அந்நியம். அதை மறுபடி பொன்மணியோடு சேர்த்தால் முக்கால் பொன்மணி. இன்னொரு தரம் சேர்த்தால் முக்காலே அரைக்கால். அடுத்த தரம் முக்காலே மூணு வீசம். பழைய முறையில் ஒவ்வொரு தலைமுறையிலும் பயிரைத் தொட்டியில் முழுக வைத்துப் பார்த்து, பிழைத்ததை எடுத்து, ஆறேழு தலைமுறை போக வேண்டும். இப்போது நாற்றுப் பருவத்திலேயே இலையில் ஒரு துணுக்குக் கிள்ளி, சப்-1 அடையாளம் இருக்கிறதா, மற்ற 11 குரோமோசோமும் பொன்மணியாகவே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். நூற்றுக்கணக்கான நாற்றில் எது மிக நெருக்கம் என்று இயந்திரம் தரம் பிரித்துச் சொல்லும். இரண்டு, மூன்று தலைமுறையில் வேலை முடிந்துவிடும். இந்த வழியில் ஸ்வர்ணா என்ற நெல்லில் முதலில் செய்து, ஸ்வர்ணா சப்-1 என்று 2009-இல் நம் நாட்டில் வெளியிட்டார்கள். சி.ஆர்.1009 சப்-1 அதே வழியில் வந்த பங்காளி. ஆகவே இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. கம்ப்யூட்டர் செய்த நெல்லும் அல்ல. ஒரிசா விவசாயி காப்பாற்றி வைத்த குணம், ஒட்டின் மூலம் நம் வயலுக்கு வந்திருக்கிறது. நடுவில் வழி காட்டியது இயந்திரம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இயந்திரம் சொன்ன முடிவு எல்லாமே 'இப்படியானால் அப்படி' என்ற நிபந்தனையோடு வருவது. சோதனை எப்படி நடந்தது? நட்டுத் தூர் கட்டும் பருவத்துப் பயிர், முழுதாக முழுகியது, பத்திலிருந்து பதினான்கு நாள் வரை, பிறகு தண்ணீர் வடிந்தது. இந்த நிபந்தனைக்குள் வந்தால் சப்-1 உங்களைக் காப்பாற்றும். நிபந்தனையை மறந்துவிட்டு 'வெள்ளம் தாங்கும்' என்ற வார்த்தையை மட்டும் நம்பினால் கைவிட்டுவிடும்.

மன்னார்குடி, கோட்டூர் பக்கம் நேரடி விதைப்பு செய்கிறவர்கள் அதிகம். விதைத்த மூன்றாம் நாள் மழை பெய்து தண்ணீர் கட்டினால் முளை அழுகும். அதற்கு சப்-1 துணைக்கு வராது. தண்ணீருக்குள்ளேயே முளைக்கும் குணம் வேறு. அதற்கான மரபணு ஒன்றைப் பர்மா நாட்டு நெல்லில் கண்டுபிடித்து 2015-இல் வெளியிட்டார்கள். வடியாமல் முழங்கால் தண்ணீர் ஒரு மாதம் நிற்கும் நிலத்துக்கும் சப்-1 தோது இல்லை. அங்கே அடங்கிக் கிடக்கிற குணமே பாதகமாகிவிடும். உயர்ந்து வளர்கிற நெல்தான் அங்கே நிற்கும். 2021 ஜனவரியில் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் கதிர் சாய்ந்து வயலிலேயே முளைத்ததே, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கலங்கல் தண்ணீரிலும், வெயில் அடித்துச் சூடேறிய தண்ணீரிலும் தாங்கும் நாள் குறையும். இதையெல்லாம் மூட்டை அட்டையில் எழுத இடம் இல்லை. ஆகவே நான் சொல்கிறேன்.

இன்னொரு சங்கதி. பொன்மணியும் பொன்மணி சப்-1-ம் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நெல்மணியை உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. முழுகிய பிறகுதான் வித்தியாசம் தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோஜனம்? எனவே சான்று பெற்ற விதையாக, நீல அட்டை பார்த்து வாங்குங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கிரிஸ்பர் என்கிற புது முறையைப் பற்றியும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 4-ஆம் தேதி டில்லியில் மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல்லை அறிவித்தார். ஒன்று ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கமலா, நாம் பி.பி.டி. என்று போடுகிற சம்பா மசூரியிலிருந்து வந்தது. இன்னொன்று டில்லி பூசா நிறுவனம் எம்.டி.யு.1010-லிருந்து செய்தது. வெளியிலிருந்து மரபணு எதையும் நிரந்தரமாகச் சேர்க்காமல், நெல்லின் சொந்த எழுத்தையே ஓர் இடத்தில் வெட்டித் திருத்துகிற முறை இது. வெட்ட வேண்டிய இடத்துக்கு 20 எழுத்தில் ஒரு விலாசம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதே விலாசமோ, ஓரிரு எழுத்து மட்டும் மாறிய விலாசமோ 39 கோடி எழுத்தில் வேறெங்கும் இருக்கிறதா என்று தேடுவது இயந்திரத்தின் பொறுப்பு. நம் ராஜமன்னார்குடிக்குப் போட்ட கடிதம் காட்டுமன்னார்குடிக்குப் போய்விடக் கூடாது அல்லவா? அந்த நெல் நம் களர் மண்ணிலும் கடைமடையிலும் எப்படி வரும் என்பதை நம் பகுதி வயல்களில் பார்த்து ஆராய்ச்சி நிலையத்தார் சொல்லட்டும். அதற்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு அட்டை இல்லாத மூட்டையை யாராவது கொண்டு வந்தால் வாங்காதீங்க.

கடைசியாக உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். வருகிற ஐப்பசிக்கு முன்னால் வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். எந்தக் கட்டளையில் உள்ள எந்த வயல், என்ன ரகம், விதைத்த தேதி, நட்ட தேதி எழுதுங்கள். பயிர் முழுகினால் என்றைக்கு முழுகியது, நுனி தெரிந்ததா தெரியவில்லையா, எத்தனை நாள் கழித்து வடிந்தது, தண்ணீர் தெளிவா கலங்கலா என்று அன்றன்றைக்கே குறியுங்கள். முழங்கால், இடுப்பு என்று எழுதினால் போதும், அளவுகோல் தேவை இல்லை. ஆனால் எல்லா வருஷமும் ஒரே ஆள் முழங்காலாக இருக்கட்டும்! வடிந்த பிறகு வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் நூறு நூறு குத்து எண்ணிப் பார்த்து எத்தனை பிழைத்தது என்று எழுதுங்கள்.

எண்ணுவதில் ஒரு நிதானம் வேண்டும். தண்ணீர் வடிந்த மறுநாள் சப்-1 பயிரும் செத்ததுபோலத்தான் இருக்கும், இலையெல்லாம் அழுகிச் சேறு பூசிக் கிடக்கும். அவசரப்பட்டு உழுதுவிடாதீங்க. குத்தைப் பிரித்து நடுக்குருத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். கொழகொழவென்று கையோடு வந்தால் போய்விட்டது. ஒரு வாரம், பத்து நாளில் பச்சை கட்டிவிடும். அன்றைக்கு எண்ணுவதுதான் சரியான எண்ணிக்கை. யூரியாவும் பொட்டாசும் புது இலை விட்ட பிறகு போட்டால் போதும். வடிந்த அன்றே போட்டால் தண்ணீரோடு காசும் வடிந்து போகும்.

முழுகிச் செத்த வயலையும் எழுதுங்கள். செத்ததை எழுத யாருக்கும் மனசு வராது, எனக்குத் தெரியும். ஆனால் மதகுக் கணக்கில் தண்ணீர் வராத வயலும் ஒரு சாட்சிதானே? பிழைத்ததை மட்டும் சொன்னால் எந்த இயந்திரத்தாலும் நியாயம் பேச முடியாது. காட்டுயானம், மடுமுழுங்கி போன்ற பழைய நெல் வைத்திருப்பவர்கள் அதை எழுதும்போது, தண்ணீரோடு உயர்ந்ததா, அடங்கிக் கிடந்து பிறகு துளிர்த்ததா என்று அந்த ஒரு விவரத்தைத் தவறாமல் சேர்த்து எழுதுங்கள்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு விரிவாக்க மையத்துக்கோ, நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வாருங்கள். உங்கள் வயலுக்கு சப்-1 ஏற்றதா, நெட்டை நெல் ஏற்றதா, இல்லை வடிகாலைத்தான் முதலில் வெட்ட வேண்டுமா என்று நோட்டை வைத்துக்கொண்டே பேசுவோம். விதை நெல்லை ஊறப் போடுவதற்கு முந்தியே வந்துவிடுங்கள்.